அய்யலூரில் நின்ற புள்ளி

மீரான் ராவுத்தருக்கு நாலு லாரி, ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு மச்சினன். இந்த ஏழில் எதையுமே அவர் முழுசாக நம்பியதில்லை என்று திண்டுக்கல் லாரிக்காரர்கள் சொல்வார்கள். அது கொஞ்சம் அநியாயமான பேச்சு. மச்சினனை நம்பினார். வந்த வினையே அதில்தான்.

நாலில் இரண்டு வண்டி கேரளா பக்கம் போகிறவை. அவற்றை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் தினமும் திருச்சிக்குக் காய்கறி கொண்டுபோகிறவை. ஒட்டன்சத்திரத்திலிருந்து மத்தியானம் வந்து சேரும் தக்காளியையும் முருங்கைக்காயையும் ஷெட்டில் மாற்றி ஏற்றிக்கொண்டு, நாலு மணிக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். திருச்சியில் இறக்கிவிட்டு விடியக்காலையில் வெறும் வண்டியாகத் திரும்பும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே நீலம். ஒன்றை ஓட்டுகிறவர் கண்ணுசாமி, சேவுகம்பட்டிக்காரர். ஐம்பத்து நாலு வயது, அதில் பத்தொன்பது வருஷம் மீரானிடம். இன்னொன்றை ஓட்டுகிறவன் முகமது ரஃபீக். மீரானின் மனைவி ரம்ஜான் பீவிக்குக் கூடப்பிறந்த தம்பி.

மீரானுக்கு ஒரு வாய் வழக்கம் உண்டு. யார் என்ன சொன்னாலும், "நெசமாத்தானா?" என்பார். சோறு வெந்துவிட்டது என்றால் நெசமாத்தானா. மழை பெய்கிறது என்றால் நெசமாத்தானா. கேட்டுவிட்டு எழுந்துபோய் வாசலில் கையை நீட்டிப் பார்ப்பார். இப்படிப்பட்ட மனுஷன் கையில் ஜிபிஎஸ் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லாரி ஓனர்கள் சங்கத்தில் எல்லோரும் மாட்டினார்கள் என்று அவரும் மாட்டினார். வண்டிக்கு ஒரு பெட்டி, சோப்புக்கட்டி அளவு. டேஷ்போர்டுக்கு உள்ளே முடுக்கிவிட்டால், வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, என்ன வேகம் என்று போனில் ஒரு புள்ளியாகத் தெரியும். காலேஜில் படிக்கும் மகள் தஹ்சீன்தான் புள்ளிகளுக்குப் பெயர் போட்டுக்கொடுத்தாள். ஒன்று 'கண்ணுசாமி'. ஒன்று 'ரஃபீக் மாமு'.

"இனிமே எங்க இருக்க, எங்க இருக்கன்னு யாருக்கும் போன் போட்டுக் கத்த வேணாம் அத்தா" என்றாள்.

கத்துவது நின்றது. பார்ப்பது ஆரம்பித்தது. சாப்பிடும்போது பார்த்தார், வெஞ்சனம் என்னவென்றே தெரியாமல் விழுங்கினார். பாத்ரூமுக்குள் போனைக் கொண்டுபோனார். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில்கூட ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஆடி மாதம் ரஃபீக்கின் வண்டிக்கு எஃப்சி வந்தது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று ஆபீசர் பார்த்துச் சான்று கொடுக்கிற நாள் அது. அன்றைக்கு மட்டும் தன் வண்டியில் இல்லாததையெல்லாம் பக்கத்து வண்டியிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு போவது லாரிக்காரர்களின் வழக்கம். ஒரு நல்ல ஸ்டெப்னி டயர், ஒரு தீயணைக்கும் சிலிண்டர், ஒரு முதலுதவிப் பெட்டி. மீரான் ஷெட்டில் இவை மூன்றும் எல்லா வண்டிக்கும் பொதுச்சொத்து. ரஃபீக் வண்டியின் ஜிபிஎஸ் பெட்டியோ எலி கடித்து ரிப்பேருக்குப் போயிருந்தது. மீரான் எலக்ட்ரீசியன் பிரபுவைக் கூப்பிட்டார்.

"கண்ணுசாமி வண்டில இருக்க பெட்டியக் கழட்டி இதுல மாட்டு. ரிப்பேருக்குப் போனது வந்ததும் சரிபண்ணி விட்ரு."

நாலு நாள் கழித்துப் பிரபு வந்து, "மாட்டியாச்சு பாய், ரெண்டு பெட்டியும் ஓடுது" என்றான். ஸ்டெப்னி வந்ததா, சிலிண்டர் வந்ததா என்று மீரான் ஒன்றுக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்தார். பெட்டியைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாழ்நாளில் கேட்டிருக்க வேண்டிய ஒரே நெசமாத்தானாவை அன்றைக்கு விட்டுவிட்டார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்தார். 'கண்ணுசாமி' அய்யலூரில் நின்றது. வியாழக்கிழமை அய்யலூரில் ஆட்டுச்சந்தை. கூட்டத்தில் மாட்டியிருப்பார் என்று நினைத்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. ரோட்டிலிருந்து விலகி உள்ளே போய் நின்றிருந்தது புள்ளி. 'ரஃபீக் மாமு' அந்தக் கூட்டத்தையெல்லாம் தாண்டி வடமதுரைப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

மீரானுக்கு மூக்கில் வேர்த்தது. கண்ணுசாமிக்குப் போன் போட்டார்.

"இருங்க பாய், ஓரங்கட்டிக்கிறேன்" என்றார் கண்ணுசாமி.

நிற்கிற வண்டியை எங்கே ஓரங்கட்டுகிறானாம் என்று மீரான் பல்லைக் கடித்தார். "எங்க இருக்கீரு?"

"வடமதுரை வந்துட்டேன் பாய். செத்த நேரத்துல ஷெட்டுக்கு வந்துருவேன்."

"நெசமாத்தானா?"

"ஆமா பாய். ஏன், என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல" என்று வைத்தார். பத்தொன்பது வருஷத்தில் கண்ணுசாமி அவரிடம் சொன்ன முதல் பொய் என்று நினைத்தார். பிறகு, முதல் பொய் என்று எப்படித் தெரியும் என்றும் நினைத்தார். அந்த இரண்டாவது நினைப்புத்தான் அவரைக் கெடுத்தது. பெட்டி இல்லாத காலத்தில் இவன் எத்தனை தரம் 'வந்துட்டேன் பாய்' சொல்லியிருப்பான்.

போனைப் பார்த்தால் 'ரஃபீக் மாமு' வடமதுரையில் நின்றிருந்தது. பின்னால் வருகிற பெரியவரைக் காணோமே என்று பையன் காத்துக்கிடக்கிறான் போல. தங்கமான பிள்ளை. அவனுக்கும் போன் போட்டார்.

"முன்னாடி வந்துக்கிட்டிருக்கேன் மச்சான்" என்றான் ரஃபீக். பின்னால் ஏதோ ஆடு கத்தியது. ரோட்டோரம் ஆடு இல்லாமலா இருக்கும்.

அய்யலூரில் புள்ளி நின்றது மொத்தம் நாற்பத்திரண்டு நிமிஷம்.

அன்று முதல் மீரான் கண்கொத்திப் பாம்பாக ஆனார். கண்ணுசாமி அறுபதுக்கு மேல் வேகம் போகாத மனுஷன் என்று ஊரே சொல்லும். போனில் 'கண்ணுசாமி' எண்பதில் பறந்தது. என் முன்னால் மாட்டுவண்டி, முதுகுக்குப் பின்னால் விமானமா என்று மீரான் கறுவினார். 'ரஃபீக் மாமு' ஐம்பத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. எடுத்தெறிந்து ஓட்டுகிற பையன் எவ்வளவு பொறுப்பாகிவிட்டான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். தினமும் போகிற வழியில் நாலு நாற்பதுக்கு அய்யலூர் வண்டிக் கருப்பு கோயிலுக்கு எதிரே 'ரஃபீக் மாமு' மூன்று நிமிஷம் நிற்கும். அதையும் பார்த்தார். ஒன்றுக்குப் போக இறங்குவான் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார். ஒருவனுக்கு மூன்று நிமிஷத்துக்குக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தவர், இன்னொருவனுக்கு நாற்பத்திரண்டு நிமிஷத்துக்கு ஒரே காரணம்தான் கண்டுபிடித்தார். டீசல். டேங்கில் குழாயை விட்டு உறிஞ்சி விற்கிறான்.

அடுத்த வியாழனும் அதே இடம், நாற்பது நிமிஷம். அதற்கடுத்த வியாழனும்.

ரம்ஜான் பீவி ஒருநாள், "என் தம்பி மேல என்னங்க இம்புட்டு ஆட்டு வாடை? கைலிய ரெண்டு தண்ணில அலசியும் போகல" என்றாள்.

"கறிக்கடைக்குப் போயிருப்பான்" என்றார் மீரான், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

நாலாவது வியாழன் அவருக்குப் பொறுக்கவில்லை. காலைச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து மணிக்கு ஷெட்டுக்குப் போனார். கண்ணுசாமி கழுவித் துடைத்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரஃபீக் தன் வண்டியின் பின்பலகையைத் திறந்துபோட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணுசாமி, காலைல எத்தன மணிக்கு வந்தீரு?"

"ஏழு மணிக்குப் பாய்."

"போன்ல எட்டே கால்னு இருக்கு."

கண்ணுசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஏழு மணிக்கு வந்து வண்டியக் கழுவி, ஆயில் பாத்து, குளிச்சும் முடிச்சுட்டேன் பாய்."

"அய்யலூர்ல நாப்பது நிமிசம் எதுக்கு நின்னீரு?"

"அய்யலூர்லயா? வரும்போது நான் எங்கயும் நிக்கலயே. போகும்போது கருப்புக்குச் சூடம் பொருத்த நிப்பேன். மூணு நிமிசம். அது உங்களுக்கே தெரியும். உங்க அத்தா காலத்துலருந்து நிக்கிறதுதான்."

மீரான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தா பாரும். ஒரு மாசத்துக் கணக்கு. கருப்பு கோயில்ல உம்ம வண்டி ஒருநா கூட நிக்கல. நிக்காம எண்பதுல போகுது. நின்னது அம்புட்டும் சந்தைப் பக்கம். சாமி பேரச் சொல்லியுமா பொய் சொல்வீரு?"

கண்ணுசாமிக்கு அந்தப் போனில் என்ன புரியும். புள்ளியையும் கோட்டையும் பார்த்தார், மீரானைப் பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போனது டீசல் சொல்லுக்கு அல்ல, அது இன்னும் வரவே இல்லை. கருப்பின் பெயரில் பொய் சொன்னதாகச் சொன்னதற்கு.

"ரஃபீக்கு" என்று கூப்பிட்டார். "கூட வர்ற வண்டி நீ. சொல்லுப்பா. நான் எப்ப வந்தேன்?"

மீரானும் திரும்பினார். "சொல்லு மாப்ள. இவரு எப்ப வந்தாரு?"

ரஃபீக் தண்ணீர்க் குழாயை மடக்கிப் பிடித்தான். கழுத்தைச் சொறிந்தான். கண்ணுசாமி ஏழு மணிக்கு வந்ததைச் சொன்னால், பின்னால் வரவேண்டிய நீ எப்போது வந்தாய் என்ற கேள்வி வரும்.

"நான் கவனிக்கல மச்சான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மீரான் கையை நீட்டினார். கண்ணுசாமி இடுப்பு பெல்டிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டார். கேட் வரைக்கும் போய்த் திரும்பி, "டீசல்னுதான நெனைக்கிறீங்க" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

மீரான் வீட்டுக்கு வந்து, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார். சாயங்காலம் எழுந்து அசர் தொழுதுவிட்டு, பழக்க தோஷத்தில் போனைத் திறந்தார்.

'கண்ணுசாமி' ஓடிக்கொண்டிருந்தது. வடமதுரையைத் தாண்டி, எழுபத்தாறு கிலோமீட்டர் வேகத்தில்.

சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தார். எடுத்துப் பார்த்தார். அப்படியானால் ஓடுவது டூப்ளிகேட் சாவியில். பாவி, டூப்ளிகேட் போட்டு வைத்திருக்கிறான். 'ரஃபீக் மாமு' ஷெட்டிலேயே அசையாமல் நின்றது. நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய பையன் இன்னும் கிளம்பவில்லை. போன் போட்டார், எடுக்கவில்லை. யா அல்லா, பையனை அடித்துப் போட்டுவிட்டா வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

ஷெட் பத்து நிமிஷ தூரம். புத்தியுள்ள மனுஷன் என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பான். மீரானுக்குத்தான் எல்லாம் கையிலேயே தெரிகிறதே, அவர் எதற்குப் போகிறார்? லாரி ஓனர்கள் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கண்ணுசாமியின் போட்டோவைப் போட்டார். அதற்குக் கீழே வாயில் வந்ததைப் பேசி அனுப்பினார்.

"என் டிரைவர் கண்ணுசாமி, சேவுகம்பட்டிக்காரன், டூப்ளிகேட் சாவி போட்டு என் வண்டியத் திருடிட்டுப் போறான். இப்ப அய்யலூர் கிட்ட போய்க்கிட்டிருக்கான். பக்கத்துல இருக்கவுங்க மறிங்க. இனி எவனும் இவன் கையில ஸ்டியரிங் குடுக்காதீங்க."

பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ரம்ஜான் பீவி, "கண்ணுசாமியண்ணனா? நல்லா பாத்தீங்களா?" என்றாள். போனைத் தூக்கிக் காட்டினார். அவள் போனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

சங்கத் தலைவர் கிதர் முகம்மதுவின் ஆட்கள் அய்யலூரில் இருந்தார்கள். கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"மீரான் பாய், வண்டிய மறிச்சாச்சு."

"ஆளப் பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு. ஆனா இது கண்ணுசாமி இல்லயே. உங்க மச்சினன்ல உக்காந்திருக்கான். பையங்க ரெண்டு அறை வேற விட்டுட்டானுங்க. பேசுறீங்களா?"

மீரான் வாயைத் திறக்குமுன் ரஃபீக்கின் குரல் வந்தது, அழுகையாக. "மச்சான், அடிக்க வேணாம்னு சொல்லுங்க மச்சான். ஆடு ஏத்துனது தப்புதான். வியாழக்கெழம மட்டுந்தான். சந்தைலருந்து வியாபாரிங்க ஆட்ட ஏத்தி, ஊருக்கு வெளிய எறக்கி விட்ருவேன். வெறும் வண்டியாத்தானே வருதுன்னு செஞ்சுட்டேன். எஃப்சிக்கு மாட்டுன பெட்டிய பிரபு கழட்டிட்டான், என் வண்டி போன்ல தெரியாதுன்னு நெனச்சேன்."

மீரான் போனை வைத்தார். பைக்கை எடுத்தார். ஷெட் கேட்டைத் திறந்தார்.

கண்ணுசாமி ஓட்டிய வண்டி, காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. பாதி லோடு தக்காளி பக்கத்தில் வெயிலில் கிடந்தது. பானட்டைத் தொட்டார், இன்ஜின் ஓடிய சூடே இல்லை. கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. டேஷ்போர்டில் சூடப் பெட்டியும் தீப்பெட்டியும் இருந்தன. போனைப் பார்த்தார். 'கண்ணுசாமி', அய்யலூர். 'ரஃபீக் மாமு', இங்கே, அவர் கைக்கு நேரே, வேகம் பூஜ்யம்.

பிரபுவுக்குப் போன் போட்டார். அவன் ஒன்றும் தெரியாதவனாகச் சொன்னான். "ஆமா பாய். கண்ணுசாமியண்ணன் பெட்டி ரஃபீக்கு வண்டில ஏறிருச்சு. ரிப்பேராகி வந்தத காலியா இருந்த அண்ணன் வண்டில மாட்டிட்டேன். எதுக்கு ரெண்டையும் திரும்ப ஒருக்கா கழட்டிக்கிட்டு? பெட்டி பெட்டிதானே. சிலிண்டரெல்லாம் அப்படித்தானே மாத்திக்கிறோம்."

சிலிண்டருக்குப் பெயர் கிடையாது. பெட்டிக்கு உண்டு. மாற்றச் சொன்னதும் அவர்தான், பிறகு பார்க்காததும் அவர்தான். கருப்பு கோயிலில் தினம் மூன்று நிமிஷம் நின்ற புள்ளி யாருடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அழுதுவிடலாமா என்று இருந்தது.

குரூப்பில் தான் போட்டதை அழித்தார். அழித்து என்ன செய்ய? அதற்குள் டிரைவர்கள் குரூப்பில் எல்லாம் ஏறியிருந்தது கண்ணுசாமியின் போட்டோ. 'வண்டி கிடைத்துவிட்டது, நன்றி' என்று மட்டும் ஒரு வரி எழுதிப்போட்டார். அதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை என்று நினைத்தார். உடனே பதில்கள் வந்து விழுந்தன. 'அல்ஹம்துலில்லாஹ்.' 'அந்தத் திருட்டுப்பயல விடாதீங்க பாய்.' 'கேஸ் குடுங்க.' 'எங்க ஷெட் பக்கம் வந்தா காலை ஒடிப்போம்.' அந்த ஒரு வரியால் கண்ணுசாமியை இரண்டாந்தடவையும் திருடனாக்கியிருந்தார்.

பொழுது இறங்குவதற்குள் சேவுகம்பட்டிக்குப் போய்விட்டார். கண்ணுசாமியின் மனைவி சிவனம்மாள் வீட்டு முன்னால் பூ கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க பாய். போலீசு பின்னாடி வருதா?" என்றாள்.

உள்ளேயிருந்து கண்ணுசாமி வந்தார். அவர் கையில் போன் இருந்தது. நாலு பேர் அனுப்பியிருந்தார்கள் அவர் போட்டோவை அவருக்கே. மீரான் நடந்ததையெல்லாம் சொன்னார். எஃப்சி, எலி, பெட்டி, ஆடு, ரஃபீக். சொல்லச் சொல்ல, இது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவர் காதுக்கே கேட்டது. கடைசியில், "தப்பு பண்ணிட்டேன் கண்ணுசாமி" என்று சாவியை நீட்டினார்.

கண்ணுசாமி சாவியைப் பார்க்கவில்லை. "மொதல்ல அதுல பேசுங்க பாய். எதுல திருடன்னு சொன்னீங்களோ அதுல."

மீரான் அங்கேயே நின்று, புருஷனும் பெண்டாட்டியும் கேட்க, குரூப்பில் பேசினார். "வண்டி எங்கயும் போகல. ஷெட்டுலதான் நின்னுச்சு. பெட்டிய மாத்தி மாட்டச் சொன்னது நான். கண்ணுசாமி திருடலை. பத்தொம்பது வருசத்துல ஒரு பொய் சொன்னதில்ல. நான்தான் பொய்யச் சொல்லிட்டேன். என் மச்சினன் செஞ்சத அவரு மேல போட்டுட்டேன்." பேசி முடித்து, கண்ணுசாமியின் போட்டோவையும் திரும்பப் போட்டார்.

"இப்ப வாங்க" என்று மறுபடி சாவியை நீட்டினார். "பெட்டியக் கழட்டி எறிஞ்சுருவோம்."

"பெட்டி என்ன பாய் செஞ்சுச்சு? அது நின்னதத்தான் சொல்லுச்சு." என்றார் கண்ணுசாமி. "கருப்புகிட்ட மூணு நிமிசம் நின்னது போன்ல தெரிஞ்சுச்சுல்ல. மச்சினன் பேர்ல. அத ஒருநாளாச்சும் அவன்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"அதான். இனிமே உங்க வண்டில போனா, ஒண்ணுக்குப் போக எறங்குனாக்கூட, பாய் என்ன நெனைப்பாரோன்னு நெனச்சுக்கிட்டே எறங்கணும். அது என்னால ஏலாது பாய்."

சிவனம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். மீரான் குடித்துவிட்டுத்தான் வந்தார். குடிக்காமல் வந்திருக்கலாம், ஆனால் அவர்கள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அன்றைக்கு வாய் இல்லை.

மறுநாள் ஜும்மாவுக்கு முன்னாலேயே கிதர் முகம்மது கண்ணுசாமியைக் கூப்பிட்டுத் தன் வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பொய் சொல்லாத டிரைவர் என்று ஓனரே ஊரறியச் சொல்லியிருக்கும்போது எந்தப் புத்திசாலி விடுவான். மீரானுக்கு ஆள் கிடைக்கவில்லை. வருகிற டிரைவர்கள், "நீங்க அந்தப் புள்ளி பாக்குற பாய்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ரஃபீக்கின் கையிலிருந்து சாவி போய், அவன் ஷெட்டில் மூட்டை எண்ணினான். ரம்ஜான் பீவி தம்பியோடும் பேசவில்லை, புருஷனோடும் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

வேறு வழியில்லாமல், பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் மீரானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கண்ணுசாமி ஓட்டிய வண்டி. எலுமிச்சம்பழத்தை அவர் கழற்றவில்லை, சூடப் பெட்டியையும் எடுக்கவில்லை. நாலு நாற்பதுக்கு அய்யலூர் வந்தது. கருப்பு கோயிலுக்கு எதிரே வரிசையாக லாரிகள் நின்றன. மீரான் தன்னை அறியாமல் பிரேக்கை மிதித்து, ஓரங்கட்டினார்.

இரண்டு வண்டி தள்ளி கிதர் முகம்மதுவின் லாரி நின்றது. கண்ணுசாமி அதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் தன் பழைய வண்டியைப் பார்த்தார். உள்ளே இருப்பது யாரென்றும் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கையில் எரிகிற சூடத்தோடு இங்கே வந்து, எல்லா டயருக்கும் முன்முகத்துக்கும் காட்டினார். வண்டிக்குத்தான் காட்டினார். பின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"உள் டயர்ல காத்து கம்மியா இருக்கு. மணப்பாறைல பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, மீரான் பதில் சொல்லுமுன் போய் ஏறி, ஓரத்திலிருந்து நிதானமாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மீரான் அங்கேயே உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. தஹ்சீன்.

"அத்தா, வண்டி கருப்பு கோயில்கிட்ட பதினோரு நிமிசமா நிக்குதே. என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. சும்மாதான் நிக்கிறேன்."

"நெசமாத்தானா அத்தா?" என்றாள்.